நீர்க்கோடு இருக்கும் இடத்தைப் பாருங்கள்: ஏரிப் பாலங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஏரியின் மேல் இருக்கும் பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் புதிது கட்டுவது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் இந்தப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. பாலங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவதே என் பிழைப்பாக இருந்ததால், பதில் சொல்லும் வேலையை ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். வந்த கடிதங்களில் பாதி கோபம், கால்வாசி கவலை, மீதி பிள்ளைகள் எழுதியவை. கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: எங்கள் ஏரிப் பாலத்துக்கு எண்பது வயது. பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. லாரி போனால்கூட ஆடுவதில்லை. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். நன்றாக இருக்கும் பாலத்தை எதற்கு இடிக்க வேண்டும்?

பதில்: பெயின்டை வைத்துப் பாலத்தை எடை போடாதீர்கள். பெயின்ட் அடிப்பது எளிது, அடித்ததும் எல்லாருக்கும் திருப்தி. நான் ஒரு பாலத்துக்குப் போனால் மேலே நடந்து பார்ப்பதற்கு முன்பே படகு பிடித்துத் தூணுக்குப் பக்கத்தில் போய்விடுவேன். தண்ணீர் ஏறி இறங்கிக் கறை படிந்த ஒரு பட்டை தூணைச் சுற்றித் தெரியும். அந்த நீர்க்கோட்டில்தான் பல பாலங்களின் ஆயுள் தீர்மானமாகிறது.

எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய கேடு இல்லை. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்க வேண்டிய அளவு ஆக்சிஜன் அங்கே போய்ச் சேராது. எப்போதும் காய்ந்தே இருக்கும் கான்கிரீட்டும் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். நனைவதும் காய்வதுமாக இருக்கும் இடம்தான் வம்பு. ஈரம், காற்று இரண்டும் மாறி மாறிக் கிடைப்பதால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து பாளம் பாளமாகக் கழன்று விழும். குளிர்ப் பிரதேசமாக இருந்தால் இன்னொரு கூத்து உண்டு. விரிசலுக்குள் போன தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. ஒவ்வொரு குளிர்காலமும் விரிசலைக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டுப் போகிறது. ஏரியில் மிதக்கும் பனிப்பாளங்கள் காற்றில் நகர்ந்து அதே மட்டத்தில் தூணைச் சுரண்டுகின்றன.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனையோ கருவி வந்துவிட்டது, இருந்தாலும் முதல் சோதனை இன்றைக்கும் சுத்தியல்தான். நல்ல கான்கிரீட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்திருந்தால் 'டொப்' என்று செத்த சத்தம் வரும். தண்ணீருக்குள் என்றால் டைவரை இறக்க வேண்டும். கலங்கலான ஏரியில் அவருக்குத் தன் கையே கண்ணுக்குத் தெரியாது. ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பிகளையும் சுரண்டிவிட்டு, விரலால் தடவித் தடவித்தான் விரிசலைத் தேடுவார். "ரெண்டு விரல் நுழையுது" என்று கீழேயிருந்து குரல் வந்தால் படகில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

லாரி போனாலும் ஆடவில்லை என்கிறீர்கள். அமெரிக்காவில் நியூயார்க், வெர்மான்ட் மாநிலங்களுக்கு இடையே சாம்ப்ளேன் ஏரியின் மேல் 1929-இல் திறந்த பாலத்தைச் சொல்கிறேன். அதன் தூண்கள் கம்பி போடாத வெறும் கான்கிரீட். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். தூண்களின் மேல் எஃகுச் சட்டகம். எஃகு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 100 மீட்டர் நீள எஃகு, வெப்பநிலை 40 டிகிரி மாறினால் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நகரும். அந்த நகர்வுக்கு வழிவிடத்தான் தூணின் தலையில் பேரிங் என்ற தாங்கியை வைக்கிறோம். பேரிங் துருப்பிடித்து இறுகிப்போனால், நகர வேண்டிய எஃகு தூணின் தலையைப் பிடித்துத் தள்ளும், இழுக்கும். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு அமுக்கினால் தாங்கும் பலம் உண்டு, இழுத்தால் பிளந்துவிடும். கீழே பனி சுரண்டுகிறது, மேலே எஃகு தள்ளுகிறது, நடுவில் தூண். விரிசல்கள் மோசமாகிவிட்டன என்று தெரிந்ததும் 2009 அக்டோபர் 16 அன்று பாலத்தை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேலே வண்டி ஓட்டிப் போனவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

ஒட்டுப்போட்டு ஓட்டலாமே என்பீர்கள். பல பாலங்களுக்கு முடியும். தூணைச் சுற்றிக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் ஊற்றி ஜாக்கெட் போடலாம், பேரிங்கை மாற்றலாம். சாம்ப்ளேனிலும் அதை யோசித்துப் பார்த்தார்கள். அந்தத் தூணின் அடியில் நின்று வேலை செய்பவர்களின் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றால் எந்த ஒட்டும் பயன்படாது. உங்கள் பாலம் அந்த நிலையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கடைசியாக எடுத்த நீரடி ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் கோபம் இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி: ஒரு பாலம் எத்தனை வருஷம் உழைக்க வேண்டும்?

பதில்: இப்போது அமெரிக்க விதிகளில் 75 ஆண்டு, ஐரோப்பிய விதிகளில் 100 ஆண்டு என்று கணக்குப் போட்டு வடிவமைக்கிறார்கள். மருந்து அட்டையில் இருக்கும் காலாவதித் தேதி மாதிரி அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தளத்தின் துண்டுகள் சேரும் ஜாயின்ட்டில் ஒழுகும் தண்ணீரை உடனுக்குடன் அடைத்தால் கணக்கைத் தாண்டியும் நிற்கும். ஒழுகவிட்டால் பாதியிலேயே படுத்துவிடும்.

கேள்வி: பழைய பாலம் இருக்கும் இடத்திலேயே புதிதைக் கட்டினால் நிலம் எடுக்க வேண்டாம், அணுகுசாலை போட வேண்டாம். ஏன் பக்கத்தில் தள்ளிக் கட்டுகிறார்கள்?

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பழைய பாலத்துக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதனால்தான். புதிது திறக்கும் நாள்வரை வண்டிகளை அதுதான் சுமக்க வேண்டும்.

ஆற்றில் ஒரு பாலத்தை மூடினால் மேலேயோ கீழேயோ இன்னொன்று இருக்க வாய்ப்புண்டு. ஏரி அப்படியில்லை. குறுகலான ஓர் இடம் பார்த்து ஒரே ஒரு பாலம் போட்டிருப்பார்கள். அது போனால் ஏரியையே சுற்ற வேண்டும். சாம்ப்ளேன் பாலத்தை மூடியபோது சாலை வழியாகச் சுற்றுவது நூறு மைல் அளவுக்கு நீண்டது. ஒரு கரையில் வீடும் எதிர்க்கரையில் வேலையும் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். எதிர்க்கரையில் நிலம் வைத்திருந்த விவசாயிகளும் இருந்தார்கள். பாலத்துக்குப் பக்கத்திலேயே இரு கரையிலும் அவசரமாகப் படகுத்துறை கட்டி, 2010 பிப்ரவரியில் இரவு பகலாக ஓடும் இலவசப் படகுச் சேவை தொடங்கினார்கள். அதுவரை மூன்றரை மாதம் ஜனங்கள் பட்டபாடு தனி. புதுப் பாலம் திறந்தது 2011 நவம்பர் 7 அன்று. ஒரு பெரிய ஏரிப் பாலத்துக்கு அது அசுர வேகம். இருந்தும் இரண்டு வருஷத்துக்கு மேல் கரைகள் பிரிந்தே கிடந்தன.

அங்கே பக்கத்தில் தள்ளிக் கட்ட நினைத்தாலும் முடிந்திருக்காது. ஒரு கரையில் 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கோட்டைகளின் இடிபாடுகள், மறு கரையிலும் தொல்லியல் இடம். மண்வெட்டி வைக்கும் இடமெல்லாம் பழைய சரித்திரம். அதனால் பழைய பாதையிலேயே கட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் கென்டக்கி ஏரி. அங்கே எக்னர்ஸ் ஃபெரி பாலம் 1932-ஐச் சேர்ந்தது. 2012 ஜனவரி 26 இரவு, ராக்கெட் பாகங்களை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல் ஒன்று அதில் மோதி, ஒரு கண்ணையே, அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியையே, பிடுங்கிக்கொண்டு போனது. பிடுங்கின சட்டகம் கப்பலின் மூக்கில் மாலை போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கண் போன இடத்தில் புதுச் சட்டகம் ஒன்றைச் செய்து பொருத்தி, அதே ஆண்டு மே மாதம் வண்டி விட்டார்கள். பழையதை அப்படி ஓட வைத்துக்கொண்டே பக்கத்தில் புதிதைக் கட்டினார்கள். 2016-இல் போக்குவரத்தைப் புதுப் பாலத்துக்கு மாற்றிய பிறகுதான் பழையதைத் தகர்த்தார்கள்.

பழைய இடத்திலேயே கட்டியாக வேண்டும், ஆனால் அதிக நாள் மூடவும் கூடாது என்றால் வழிகள் இருக்கின்றன. பாதி அகலத்தை மட்டும் இடித்துக் கட்டி, வண்டியை அதில் விட்டுவிட்டு மறுபாதியைக் கட்டலாம். பக்கத்தில் தற்காலிகத் தூண்களின் மேல் முழு மேல்தளத்தையும் தயார் செய்து, சில நாள் மட்டும் போக்குவரத்தை நிறுத்தி, ஜாக்கி வைத்துப் பக்கவாட்டில் தள்ளி உட்கார வைக்கலாம். நடுக்கண்ணைக் கரையில் கட்டி மிதக்கவிட்டுக் கொண்டுவரலாம். சாம்ப்ளேனின் புதுப் பாலத்தில் நடுவில் இருக்கும் வில் வளைவு 402 அடி நீளம், சுமார் 900 டன் எடை. போர்ட் ஹென்றி கரையில் கட்டி, பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகுகளில் ஏற்றி ஏரி வழியாக இழுத்துவந்து, 2011 ஆகஸ்ட் 26 அன்று தூக்கி நிறுத்தினார்கள். பழைய பாலம் திறந்ததும் ஆகஸ்ட் 26 தான். இரண்டு நாள் கழித்து ஐரீன் புயல் அந்தப் பக்கம் அடித்தது. அந்த நேரத்தில் வளைவு பார்ஜிலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிதைத் தொடங்குங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்வதற்குக் காரணம் இதுதான். பாலம் மூடிய பிறகு விழித்துக்கொண்டு கட்டினால், மதிப்பீட்டில் எந்த வரியிலும் வராத ஒரு செலவு சேர்ந்துகொள்ளும். அந்தச் செலவைச் சுமப்பது ஒப்பந்ததாரர் அல்ல, தினமும் சுற்றிப் போகிற ஜனங்கள்.

கேள்வி: எங்கள் ஏரி மிகவும் ஆழம், அடியில் ஒரே சேறு என்கிறார்கள். அதில் எப்படித் தூண் நிற்கும்?

பதில்: ஆறு வண்டலை அடித்துக்கொண்டு போய்விடும், ஏரி அதை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் ஏரிப்படுகை பல நேரம் பெயருக்குத்தான் படுகை. கால் வைத்தால் இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் துளை போட்டு மண் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். கெட்டியான அடுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் எஃகுக் குழாய்களை அதுவரை அடித்து இறக்குவார்கள், இவற்றுக்குப் பைல் என்று பெயர். எட்டாவிட்டாலும் பரவாயில்லை. நீளமான பைலைச் சுற்றி மண் இறுகப் பிடிக்கும் உராய்வே பாரத்தைச் சுமக்கும். பெரும்பாலான ஏரிகளுக்கு இது போதும்.

போதாத இடமும் உண்டு. சியாட்டில் பக்கத்தில் இருக்கும் வாஷிங்டன் ஏரி 60 மீட்டருக்கு மேல் ஆழம், அதற்கும் கீழே ஆழமாக மென்சேறு. அங்கே பாலத்தையே மிதக்கவிட்டார்கள், அதுவும் கான்கிரீட்டில். உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெரிய கான்கிரீட் பெட்டிகளை வரிசையாகக் கோத்து, ஏரியடியில் நங்கூரம் போட்டுக் கம்பிவடத்தால் கட்டி, அதன் மேல் சாலை. 1963-இல் திறந்த எவர்கிரீன் பாயின்ட் பாலம் அந்த வகை. காற்று மணிக்கு 50 மைல் வேகத்தில் தொடர்ந்து அடித்தால் அதை மூடுவார்கள். மூடிவிட்டு, கப்பலுக்காக வைத்திருந்த நடுப்பகுதியைத் திறந்து அலையின் அழுத்தத்தைக் குறைப்பார்கள். 2016-இல் அதற்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தது. மிதக்கும் பகுதி மட்டும் சுமார் 2,350 மீட்டர், உலகத்திலேயே நீளமான மிதவைப் பாலம். 77 மிதவைகள். பெரியவை ஒவ்வொன்றும் 360 அடி நீளம், 11,000 டன் எடை. புதிதில் திறந்து மூடும் நடுப்பகுதியே கிடையாது.

அதே ஏரியில் 1940-இல் திறந்த இன்னொரு மிதவைப் பாலத்தின் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. 1990-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பழைய கான்கிரீட்டை உயர் அழுத்தத் தண்ணீரால் பெயர்த்தபோது சேர்ந்த கழிவுநீரை ஏரியில் விடக் கூடாது என்று மிதவைகளின் வயிற்றுக்குள்ளேயே தேக்கி வைத்தார்கள். உள்ளே போய்வர மிதவைகளின் நீர்புகாக் கதவுகளையும் கழற்றியிருந்தார்கள். நவம்பரில் ஒரு விடுமுறை வார இறுதியில் புயல். மழைநீரும் ஏரிநீரும் உள்ளே ஏறின. நவம்பர் 25 அன்று மிதவைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. புதுப்பிப்பதற்காக மூடியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாலத்தைச் சரிசெய்வது இடிப்பதைவிடப் பாதுகாப்பான வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

கேள்வி: தண்ணீருக்குள் ஊற்றும் கான்கிரீட் எப்படிக் காயும்? (ஏழாம் வகுப்பு மாணவி)

பதில்: கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை கண்ணு. சிமென்ட்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்து கல்லாகின்றன. அதனால்தான் வீடு கட்டும் இடத்தில் ஊற்றிய தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். ஏரிக்குள் ஊற்றினால் தண்ணீர் நிறுத்தும் வேலை மிச்சம்.

ஆனால் மேலேயிருந்து சும்மா கொட்டினால், கீழே போய்ச் சேர்வதற்குள் சிமென்ட் கரைந்து ஜல்லி தனியாக, மணல் தனியாகக் கிடக்கும். அதற்காக ட்ரெமி என்று ஒரு நீளமான குழாய் வைத்திருக்கிறார்கள். மேலே புனல், கீழே முனை ஏரியின் அடியைத் தொடும். முதலில் விழும் கான்கிரீட் அடியில் பரவும். அதற்கப்புறம் குழாயின் முனையை எப்போதும் ஊற்றிய கான்கிரீட்டுக்குள் புதைத்தே வைத்திருக்க வேண்டும். புதுக் கான்கிரீட் உள்ளிருந்து பொங்கி, பழையதையும் அதன் மேல் இருக்கும் தண்ணீரையும் மேலே தள்ளிக்கொண்டு வரும். தண்ணீரோடு உரசுவது மேல் அடுக்கு மட்டும்தான், அதைக் கடைசியில் வெட்டி எறிந்துவிடுவார்கள். குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கி முனை வெளியே வந்துவிட்டால் போச்சு. அதனால் ஒருவர் கயிற்றில் ஒரு குண்டைக் கட்டி இறக்கி, கான்கிரீட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து அளந்து கத்திக்கொண்டே இருப்பார். தொடங்கினால் நடு ராத்திரியானாலும் நிறுத்த முடியாது. நீ பெரியவளாகி இந்த வேலைக்கு வந்தால், ட்ரெமி அன்றைக்கு முன்கூட்டியே தூங்கிவிட்டுப் போ.

கேள்வி: பழைய பாலத்தை வெடிவைத்துத்தான் தகர்க்க வேண்டுமா? மீன்கள் என்ன ஆகும்?

பதில்: அவசியமில்லை. நேரம் இருந்தால் கிரேனும் பார்ஜும் வைத்து, கட்டிய வரிசைக்கு எதிர்வரிசையில் பிரித்து இறக்கலாம். மேலே ஆள் ஏற்றுவதே ஆபத்து என்ற நிலையில் வெடிதான் பாதுகாப்பு.

மீனுக்கு ஆபத்து சத்தத்தால் வருவதில்லை, தண்ணீர் வழியாக வரும் அதிர்வலையால் வருகிறது. பல மீன்களின் உடம்புக்குள் காற்றுப்பை இருக்கிறது, அதிர்வில் அது கிழிந்துவிடும். அதனால் முட்டையிடும் பருவத்தில் வேலை வைக்கக் கூடாது. தூணைச் சுற்றிக் குழாய் போட்டுக் காற்றுக் குமிழிகளைத் திரைபோல மேலெழுப்பினால் அதிர்வு கணிசமாக மட்டுப்படும். சேறு கலங்கிப் பரவாமல் இருக்க மிதவையிலிருந்து துணித்திரை தொங்கவிடுவார்கள். எல்லாரும் வெடியைப் பற்றியே கேட்கிறார்கள், பழைய பெயின்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பழங்கால எஃகுப் பாலங்களில் துருவைத் தடுக்க ஈயம் கலந்த பெயின்ட் அடித்திருப்பார்கள். எஃகை வெட்டும்போதும் சுரண்டும்போதும் அந்தத் தூள் ஏரியில் விழாமல் பிடித்தாக வேண்டும்.

கேள்வி: பழைய பாலம் தண்ணீரைத் தொடுவது போல அழகாக இருந்தது. புதிதை ஏன் இவ்வளவு உயரத்தில் கட்டுகிறார்கள்?

பதில்: பெரிய ஏரியில் புயல் அடித்தால் அலை மேல்தளத்தின் அடிவயிற்றைக் குத்தும். தளத்தைத் தாங்கும் கர்டர் என்ற உத்தரங்களுக்கு இடையே சிக்கிக்கொண்ட காற்று வேறு தளத்தை மேலே தூக்கும். கனமான பாலம் எங்கே போய்விடும் என்று அந்தக் காலத்தில் தளத்தைத் தூணோடு பலமாகப் பிணைக்காமல் விட்டுவிட்டார்கள். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி லூசியானாவின் பான்ட்சார்ட்ரெய்ன் ஏரியில் 1960-களின் இரட்டைப் பாலத்தை இப்படித்தான் குலைத்துப் போட்டது. பல கண்கள் தண்ணீருக்குள், இன்னும் நிறைய கண்கள் இடம் பெயர்ந்து கோணலாக. சரிசெய்தவர்களின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: ஒரு பாலத்தில் மிஞ்சியிருந்த நல்ல கண்களைத் தூக்கிக்கொண்டுபோய் இன்னொன்றின் ஓட்டைகளில் வைத்து, அக்டோபரிலேயே ஒரு பாலத்தைத் திறந்துவிட்டார்கள். பிறகு பக்கத்திலேயே கட்டிய நிரந்தரப் பாலம் தண்ணீருக்கு மேல் சுமார் 30 அடி உயரம். பழையது சுமார் 9 அடிதான். 2011-இல் வேலை முழுமையாக முடிந்தது. அழகு கொஞ்சம் போயிற்று, ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: பழையதை இடிக்காமல் நடைபாதையாக, சைக்கிள் பாதையாக வைத்துக்கொள்ளலாமே?

பதில்: வேண்டாம் என்பதே என் கட்சி. வண்டி போகாவிட்டாலும் பாலத்தின் சொந்த எடை அப்படியே இருக்கிறது, நீர்க்கோடும் அங்கேயேதான் இருக்கிறது. டைவரை இறக்க, பேரிங்கைப் பார்க்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். புதுப் பாலம் வந்த பிறகு பழையதுக்குப் பணம் கேட்டுப் போகும் அதிகாரியின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். புதுப் பாலத்திலேயே இருபுறமும் நல்ல அகலத்தில் நடைபாதை கேளுங்கள். நினைவுக்கு வேண்டுமென்றால் பழைய சட்டகத்தின் ஒரு துண்டைக் கரையில் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: கோடிகளைக் கொட்டிக் கட்டும் புதுப் பாலத்துக்கும் எழுபது எண்பது வருஷத்தில் இதே கதிதானா?

பதில்: எந்தப் பாகம் முதலில் கெடும் என்று இன்றைக்கே தெரியும். அதை மாற்ற வழி வைத்துக் கட்டுவதில்தான் இப்போதைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பேரிங்கை மாற்ற ஜாக்கி உட்காரத் தூணின் தலையில் இடம் விட வேண்டும். பழைய பாலங்களில் அந்த ஒரு முழ இடம் இல்லாமல் நாங்கள் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. ஒழுகுவதற்கு ஜாயின்ட்டே இல்லாமல் தளத்தை முடிந்தவரை தொடர்ச்சியாக ஊற்ற வேண்டும். நீர்க்கோட்டுப் பகுதியில் மட்டுமாவது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் அல்லது இரும்பாலைக் கசடு கலந்த சிமென்ட் போட்டால் கான்கிரீட் அடர்த்தியாகித் தண்ணீர் உள்ளே போவது குறையும்.

சாம்ப்ளேனின் புது வளைவு நெட்வொர்க் ஆர்ச் வகை. வளைவிலிருந்து தொங்கும் வடங்கள் நேராக இறங்காமல் சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நார்வேக்காரர் பெர் ட்வெய்ட் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கிய முறை. ஒரு வடம் போனாலும் பக்கத்து வடங்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். பழைய எஃகுச் சட்டகங்கள் பலவற்றில் ஒரு முக்கிய உறுப்பு அறுந்தால் மொத்தமும் கீழே.

கேள்வி: புதுப் பாலத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாது. போய் என்ன கேட்பது?

பதில்: கட்டாயம் போங்கள். சாம்ப்ளேனில் வளைவுப் பாலம் வந்ததற்கே, பல வடிவங்களை முன்வைத்து ஊர்க்காரர்களின் விருப்பத்தைக் கேட்டதுதான் காரணம். மேடையில் வைத்திருக்கும் வண்ணப்படத்தில் பாலம் எப்போதும் மாலை வெயிலில்தான் இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பழைய பாலத்தின் தூண்களைக் கடைசியாகத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தது எந்த மாதம் என்று முதலில் கேளுங்கள். புதிது முடியும்வரை பழையதில் எவ்வளவு எடை வண்டி போகலாம், அதை யார் நின்று தடுப்பார்கள் என்று கேளுங்கள். எடைப் பலகை வைத்துவிட்டால் லாரி தானாக நின்றுவிடாது. நாளைக்கே பழையதை மூட வேண்டி வந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும், படகுத்துறைக்கு இடம் பார்த்துவிட்டார்களா என்பது மிக முக்கியம். ஏரியின் உச்ச நீர்மட்டம் என்று எந்த ஆண்டு வெள்ளத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்றும் கேட்கலாம். சாம்ப்ளேனில் 2011 வசந்தத்தில், பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஏரி அதுவரை பதிவான மட்டங்களை எல்லாம் தாண்டி ஏறியது.

இன்னொன்று, யாரும் கேட்காதது: பழைய தூண்களை ஏரிப்படுகை மட்டத்துக்குக் கீழே வரை வெட்டி எடுக்கும் செலவு இதே டெண்டரில் இருக்கிறதா? தனி டெண்டர் என்று சொன்னால் உஷாராகிவிடுங்கள். ரிப்பன் வெட்டிய பிறகு அந்த ஃபைல் நகராது, தண்ணீர் மட்டம் இறங்கும் பருவத்தில் படகுகள் அந்தக் கட்டைகளில் மோதும். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், அந்தச் சொல்லை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, ஒரு நகலும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.